ஐந்து கசெட்

லைப்சிக்கில் ஒருவன் என் சத்தத்தை
இரண்டு தரம் வாங்கியிருக்கிறான்.
கை தவறியிருக்கலாம்.
தவறிய கைக்கு நன்றி.

கணக்கில் இப்போது
நாற்பத்துமூன்று டொலர், பதினேழு சதம்.
ஐம்பது ஆனால்தான் கதவு திறக்கும்.
இரண்டு வருடமாக அது ஐம்பதை நோக்கி நடக்கிறது,
கோட்டை வாசலில் மான்
வாழைப்பழத் தோலை நோக்கி நடப்பதுபோல,
இடையில் நின்று,
வேறெங்கோ பார்த்து.

பகலில் சென்ட்ரல் ரோட்டில் போன் திருத்துகிறேன்.
உடைந்த கண்ணாடி, உப்புப் பூத்த சார்ஜர் வாய்,
கடலுக்குள் விழுந்து
அரிசிக்குள் மூன்று நாள் புதைந்து
கடைசியில் என்னிடம் வருபவை.
ஸ்பீக்கர் சாகுமுன் ஒரு சத்தம் போடும்.
அதைப் பதிந்துவைப்பேன்.
"செத்த போனில என்ன பிள்ளை கேக்குது?"
என்பார் கேதீஸ் அண்ணன்.
சம்பளம் மட்டும் ஐந்தாம் தேதி தவறாது.

கொட்பேயில் ஐஸ் ஃபக்டரி கொம்ப்ரசரை
விடியப்புறம் நாலு மணிக்குப் பதியப் போனேன்.
மெஷின் பரிசோதிக்க வந்தவள் என்று நினைத்து
காவலாளி ரெஜினோல்ட் தன் கதிரையைத் தந்தார்.
நான் திருத்தவில்லை.
நாற்பது நிமிட உறுமலை
அறுத்து, நீட்டி, கவிழ்த்து
பதினொரு நிமிடமாக்க மூன்று மாதம்.
மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று
ஒருநாள் கணக்குப் பார்த்தேன்.
பிறகு பார்க்கவில்லை.

சீசனில் உப்புவெளி ஹோட்டலுக்குக் கூப்பிடுவார்கள்.
ஏழாயிரம், ஒரு ஃப்ரைட் ரைஸ்.
சமிந்த நல்லவன்,
காதருகே வந்து மெல்லச் சொல்வான்:
"நங்கி, கொஞ்சம் சந்தோஷமா."
சந்தோஷமாகப் போடுவேன்.
மணலில் வெள்ளைக்காரர்கள் கைதூக்குவார்கள்.
அந்த ஏழாயிரங்கள் சேர்ந்து மைக் ஆனது,
மைக் கொட்பேக்குப் போனது.

ரோட்டர்டாமில் ஒரு கம்பனி.
கம்பனி என்றால் இரண்டு பேர், ஒரு குசினி.
ஐம்பது கசெட் அடித்தார்கள்,
நாலு நாளில் முடிந்தது என்று எழுதினார்கள்,
மூன்று ஆச்சரியக்குறி.
என் பங்கு, ஐந்து கசெட்.
உறையில் என் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது.
தபால் கந்தோரில்,
"உள்ளுக்க என்ன?"
"சத்தம்."
பெறுமதியை அவர்களே தீர்மானித்தார்கள்.
இரண்டாயிரத்து முந்நூற்று அறுபது ரூபா கட்டி
என் சத்தத்தை நான் எடுத்துவந்தேன்.

போட்டுக் கேட்க வீட்டில் டெக் இல்லை.
பஸ் ஸ்டாண்டில் விசாரித்து விசாரித்து
கசெட் வாய் உள்ள ஓர் ஆட்டோவைப் பிடித்தேன்,
சலாஹுதீன் நானாவுடையது.
உள்துறைமுக வீதியில் போகும்போது
முதல் உறுமல் எழும்பியது.
நானா ஓரங்கட்டினார்.
இறங்கிப் பின்னால் போனார்.
குனிந்து பார்த்தார்.

"பிள்ளை, பின்சில்லுல என்னமோ பிடிக்குது."
"இல்ல நானா. அது பாட்டு."

எஞ்சினை நிறுத்தினார். உறுமல் நிற்கவில்லை.
மட்கார்டில் கை வைத்தபடி நின்று கேட்டார்.
அங்கால் மா மில்லின் விளக்குகள் தண்ணீரில் கிடந்தன,
நேவிப் படகொன்று அவற்றைக் குலைத்துப் போனது.
"இது ஐஸ் மெஷின் எலுவா.
பதினாலு வருசம் கொட்பேல மீன் ஏத்தினவன் நான்."
பிறகு பேசவில்லை.
பதினொரு நிமிடம்,
இரண்டு ஹயர் கைகாட்டிப் பார்த்துவிட்டு
வேறு ஆட்டோ பிடித்துப் போனது.

முடிந்ததும் கேட்டார்,
"எவ்வளவு?"
"நான்தானே நானா தரணும், வாடகை."
"அது வேற. இந்தக் கசெட் எவ்வளவு?"

கண்ணாடி உடைந்த போனென்றால்
தூரத்தில் பார்த்தே விலை சொல்பவள் நான்.
நானா சட்டைப் பைக்குள் கைவிட்டபடி
திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
டெக் உள்ளுக்குள் ஒருமுறை சொடுக்கி
தானாகத் திரும்பி
மற்றப் பக்கம் ஓடத் தொடங்கியது.